சினை ஊசியோடு வேலை முடிவதில்லை: கால்நடை பராமரிப்புத் துறைக்கும் பால் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கால்நடை பராமரிப்புத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற ஐயா, அம்மா எல்லோருக்கும், பால் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துகிற பெரியவர்களுக்கும் வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். மாடு கன்று போடுகிற ராத்திரியில் எங்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் டாக்டர் வண்டியேறி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போன் போட்டால் எடுத்து, "குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா, மூக்கு கைக்குத் தட்டுப்படுகிறதா, தண்ணிக்குடம் உடைந்து எவ்வளவு நேரமாச்சு" என்று கேட்டு, இழுக்கலாம், இழுக்கக் கூடாது, உடனே டாக்டரைக் கூட்டிவர வேண்டும் என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தாலே எத்தனையோ கன்றுகள் பிழைத்துவிடும், மாடுகளும்தான்.

ஈரோடு மாவட்டத்தில் கறவை மாட்டை நம்பி நடக்கிற குடும்பம் எங்களுடையது. பத்துப் பன்னிரண்டு உருப்படி. எல்லாம் ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்ற பெரிய உடம்புச் சீமை இனம்) கலப்பு, கூடவே அத்தை விற்க விடாமல் வைத்திருக்கிற ஒரு நாட்டு மாடு. காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறோம். தீனி போடுவது, சாணி அள்ளுவது, கறப்பது, சினை மாட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நானும் அத்தையும்தான், பெரும்பாலான வீடுகளில் இது பெண்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் இந்த மடலைப் படிக்கிறபோது ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டுத்தரையில் டார்ச் லைட்டோடு நிற்கிற இரண்டு பெண்களை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

மாடு வருஷம் முழுக்க ஈனும், உண்மைதான். ஆனால் எங்கள் கட்டுத்தரையில் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் கன்று அதிகம். வடகிழக்குப் பருவமழை பெய்து பச்சை வந்ததும் மாடு தேறும், பனிக் காலத்தில் பருவத்துக்கு நன்றாக வரும், அப்போது சினை ஊசி, அதாவது காளையின் உறைவிந்து, போட்டால் சினை நிற்கும். ஒன்பது மாதமும் சில நாளும், அதாவது ஏறக்குறைய 280 நாள் கணக்குப் போட்டால் ஈத்து சரியாக அடுத்த மழைக்குள் வந்து விழுகிறது. கொட்டகை சேறு, கரண்ட் போகும், சாரல் அடிக்கும், பிறந்த கன்று நடுங்கும், மண்பாதையில் பைக் ஏறாது. வருஷத்திலேயே எங்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படுகிற மாதங்களில்தான் ஆள் வந்து சேருவதும் கஷ்டம்.

முக்கால்வாசி ஈத்து தானாக நடந்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். மடி விட்டு, வால் ஓரம் இரண்டு பக்கமும் குழி விழுந்து, கன்று வருகிற வாய் தடித்து, வழும்பு இறங்கினால் இன்றோ நாளையோ என்று அத்தை சொல்லிவிடுவார். மாடு தீனி எடுக்காமல் எழுந்து எழுந்து படுக்கும். தண்ணிக்குடம் தெரியும், முன்னங்கால் இரண்டு வரும், அதன்மேல் மூக்கு வரும், அப்புறம் நாம் செய்ய ஒன்றுமில்லை. மாடு கன்றை நக்கிக்கொடுக்கிறதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீர் வைத்தால் போதும். பயமெல்லாம் மீதி மாடுகளில்தான். குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகிறது, வலி எடுக்கிறது, ஒன்றும் வரவில்லை. இல்லாவிட்டால் ஒரே ஒரு கால் மட்டும் வருகிறது. வால் மட்டும் தட்டுப்படுகிற மாடும் உண்டு. அந்த நேரத்தில் ஒவ்வொரு அரைமணிக்கும் விலை இருக்கிறது. குடம் உடைந்து இரண்டு மணி நேரத்துக்குள் கன்று வராவிட்டால் உதவி வேண்டும் என்பது உங்கள் டாக்டர்களே முகாம்களில் சொல்லிக்கொடுத்தது. அந்த இரண்டு மணி நேரம் ராத்திரி பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

போன மழையில் எங்கள் தலையீத்துக் கிடாரி ஒன்றுக்கு, அதாவது முதல் கன்று போடுகிற இளம் மாட்டுக்கு, அப்படித்தான் ஆனது. எச்.எஃப். ஊசி போட்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் வந்துவிட்டது, தலையைக் காணோம். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா வந்து பார்த்துவிட்டுத் தலை பின்னால் திரும்பியிருக்கிறது என்றார். தெரிந்த நம்பருக்கெல்லாம் போட்டோம். ஒன்று அணைந்திருந்தது, ஒன்றை எடுக்கவில்லை, எடுத்த ஒருவர் பாவம் வெளியூரில் இருந்தார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, பகல் முழுக்க வேலை பார்த்த மனுஷர் ராத்திரி தூங்கத்தான் வேண்டும். விடிந்து டாக்டர் வந்தார், வந்தவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே விட்டு, கன்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தலையைத் திருப்பி முன்னால் கொண்டுவந்தார், கன்று வெளியே வந்துவிட்டது. நல்ல பெரிய காளைக் கன்று. உயிர் இல்லை. கிடாரிக்கு இடுப்பெலும்புக்குள் நரம்பு நசுங்கி, பின்னங்காலை ஊன்ற முடியாமல் பல நாள் மணல் படுக்கையில் கிடந்தது. புண் வராமல் இருக்க நாங்கள் மாறி மாறி அதைப் புரட்டிப் போட்டோம். எழுந்துவிட்டது, ஆனால் அதற்கப்புறம் சினை பிடிக்கவே இல்லை.

டாக்டர் செய்த வேலை மருந்தாலோ மெஷினாலோ ஆனதில்லை. பழகிய கை, எதைத் தள்ளி எதைத் திருப்ப வேண்டும் என்ற அறிவு, அவ்வளவுதான். அந்த அறிவு ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இத்தனை நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கிடாரியின் கஷ்டம் அன்று ராத்திரி ஆரம்பித்ததும் இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஊசி போட்ட அன்றே ஆரம்பித்தது. ஜெர்சிக் கன்று பிறக்கும்போது 25 கிலோ சுற்றி இருக்கும், சுத்த எச்.எஃப். கன்று 40 கிலோ வரைக்கும் போகும். நாட்டு மாட்டுக் கன்று 20 கிலோகூட எட்டாது. சின்ன உடம்புக்காரக் கிடாரிக்குப் பெரிய உடம்புக் காளையின் ஊசியைப் போட்டால் கன்று வருகிற வழி பத்துமா? சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப் பகுதிக்கு எச்.எஃப். என்பது உங்கள் இனப்பெருக்கக் கொள்கையிலேயே இருக்கிறது. ஆனால் பால் அதிகம் வரும் என்று எச்.எஃப். கேட்கிற ஆட்களும் உண்டு, கேட்டதும் போடுகிறவர்களும் உண்டு. கிடாரி 250 கிலோவாவது தேறட்டும், முதல் பருவத்திலேயே அவசரப்படாதீர்கள் என்று சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கத்துகிறது, ஊசி போடு, வேலை முடிந்தது.

ஊசிக் குழாய் மேலே காளையின் எண், இனம், தயாரித்த இடம் எல்லாம் அச்சடித்துத்தான் வருகிறது. போட்டு முடித்ததும் அந்தக் குழாய் குப்பைக்குப் போய்விடுகிறது. இந்தக் காளையின் கன்றுகள் பெரியவையா சிறியவையா, தலையீத்துக்கு ஆகுமா ஆகாதா என்பதை ஊசி போடும்போதே எங்களிடம் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் காளைப் பட்டியல் வெளியிடும்போது பாலோடு சேர்த்து "ஈத்து சுலபம்" என்பதற்கும் மதிப்பெண் போடுகிறார்கள், கிடாரிக்கு எந்தக் காளை என்று அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். இங்கேயும் கணக்கு வைக்க வழி இருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு தோடு போட்டாயிற்று, ஊசி போட்டது அந்த எண்ணில் ஏறுகிறது, கன்று பிறந்ததும் ஏறுகிறது. எப்படிப் பிறந்தது என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. தானாகப் போட்டதா, இழுத்தோமா, டாக்டர் வந்தாரா, கன்று செத்தா பிறந்தது, இந்த நாலு கேள்விதான். இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காகக் கேட்டு எழுதினால் எந்தக் காளையின் ஊசி கிடாரிகளை வதைக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அதைக் கிடாரிகளுக்கு நிறுத்திவிடலாம்.

சட்டமன்றத்தில் வருஷா வருஷம் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பில் இத்தனை லட்சம் சினை ஊசி, இத்தனை லட்சம் கன்று என்று எண்கள் வருகின்றன. நான் பார்த்த குறிப்புகளில் ஈத்தில் செத்த கன்று எத்தனை, ஈத்தில் விழுந்த மாடு எத்தனை என்ற வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. எண்ணாத சாவுக்கு யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம் கிடாரிக்கன்று ஊசி. பாலினம் பிரித்த உறைவிந்து போட்டால் பத்தில் ஒன்பது பெண் கன்று என்கிறீர்கள், காளைக் கன்றை என்ன செய்வதென்று தெரியாத எங்களுக்கு நல்ல விஷயம்தான். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பெண் கன்று காளைக் கன்றைவிட ஒன்றிரண்டு கிலோ குறைவாகத்தான் பிறக்கும், தலையீத்துக் கிடாரிக்கு அந்த ஒன்றிரண்டு கிலோவே பெரிய வித்தியாசம். ஆகவே அந்த ஊசியை மானியத்தில் கொடுக்கிறபோது முதல் உரிமை கிடாரிகளுக்கு என்று வையுங்கள். ஜெர்சியில் கொடுங்கள்.

சரி, ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். 1962 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வண்டி வரும் என்ற திட்டம் வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான், குக்கிராமத்துக்கு டாக்டரும் மருந்தும் வண்டியில் வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது மத்திய அரசு வைத்த கணக்கு. 5,000 கால்நடை அலகுக்கு (ஒரு மாடு ஓர் அலகு, ஆடு கோழி என்றால் பல சேர்ந்து ஓர் அலகு) ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடு மட்டும் 95 லட்சம், அதில் பெரும்பகுதி கலப்பினம், அதாவது ஈத்தில் நாட்டு மாட்டைவிட அதிகம் கஷ்டப்படுகிற இனம். எங்கள் பக்கம் ஒரே டாக்டர் இரண்டு மருந்தகம் பார்த்துக்கொண்டு முகாமுக்கும் ஓடுகிறார். அவரையே ராத்திரியும் வாருங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. முறை வைத்து ஆள் போட வேண்டும் என்று உங்களிடம்தான் கேட்க முடியும்.

பெண்களின் பிரசவத்துக்கு இந்த மாநிலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. என் மாமியார் காலத்தில் பிரசவம் வீட்டில், மருத்துவச்சி கையில். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் நர்ஸ் இருக்கிறார், ஏனென்றால் மூன்று நர்ஸ்களை முறை வைத்துப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற இடமாக அதை மாற்றினார்கள். 2008-ல் 108 வண்டி வந்தது. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார், எங்கே தாமதம் ஆனது என்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். மாட்டுக்கும் மனுஷருக்கு இணையாகச் செலவு செய்யுங்கள் என்று கேட்கிற அளவுக்கு நான் போகவில்லை. ஆனால் பிரசவம் ஆபீஸ் நேரம் பார்த்து வராது என்பதை ஒப்புக்கொண்டு ஆள் வைத்ததும், ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கேட்டதும்தானே அங்கே நிலைமையை மாற்றியது. மாட்டு விஷயத்தில் அந்த இரண்டையும் சிறிய அளவிலாவது தொடங்கலாம்.

மாவட்டத்துக்கு ஒரு டாக்டர் ராத்திரி முழுக்கப் போனில் இருக்கட்டும். இப்போது எல்லார் வீட்டிலும் வீடியோ காட்டுகிற போன் இருக்கிறது. வெளியே வந்த காலைக் காட்டினால் குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்த்தால் பெரும்பாலும் முன்னங்கால், மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால் என்று அவர் அங்கிருந்தே சொல்லிவிடுவார். எது வருகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். ஒன்றியத்துக்கு ஒருவராவது ராத்திரி கிளம்பி வருகிற முறையில் இருக்கட்டும். எல்லா ராத்திரிக்கும் டாக்டர் கிடைக்காவிட்டால் பயிற்சி பெற்ற கால்நடை ஆய்வாளரோ உதவியாளரோ வரட்டும். 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தில், டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளை அவர்கள் செய்ய மாநில அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம் என்று இடம் இருக்கிறது. அறுவை சிகிச்சையை அவர்கள் தொட வேண்டாம். கன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் போனில் இருக்கிற டாக்டரிடம் சொல்லி அவர் சொன்னபடி செய்தால் போதும். வயிற்றைக் கிழித்துத்தான் கன்றை எடுக்க வேண்டும் என்றால், இரண்டு மாடு வைத்திருக்கிறவர் குட்டியானை வண்டியில் மாட்டை ஏற்றிக்கொண்டு எங்கோ இருக்கிற கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது, படுத்த மாட்டை வண்டியில் ஏற்றுவதற்கே ஊர் ஆள் எல்லாம் வேண்டும். அந்த வண்டிக்கும் ஒரு வழி செய்யுங்கள்.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் இதன் அவசரம் புரியும். வலி எடுக்கவில்லை என்று யாரோ ஒருவர் வந்து பிரசவ ஊசியைப் போட்டுவிடுகிறார். ஆக்ஸிடோசின்தான் அது. கருப்பை வாய் திறக்காமலோ கன்று குறுக்கே மாட்டிக்கொண்டோ இருக்கிறபோது அதைப் போட்டால் கருப்பை கிழிந்தே போகலாம். எருமைக்குக் கருப்பை முறுக்கிக்கொள்வது அதிகம், அப்போது எவ்வளவு ஊசி போட்டாலும் கன்று வராது. மாட்டைப் படுக்க வைத்து வயிற்றில் பலகையை அழுத்தி, முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே உருட்டிப் பிரிக்க வேண்டும், எந்தப் பக்கம் என்பதைக் கை விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஐந்தாறு ஆள் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பதையும், டிராக்டரில் கட்டி இழுத்ததையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குக் கேட்க வாய் இல்லை. இரண்டு பேர் பலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து அது விடும்போது நாமும் விட வேண்டும், நேராக இழுக்காமல் மாட்டின் பின்னங்கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும், இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் புரிகிற விஷயம்தான்.

அந்தப் பயிற்சியைப் பெண்களுக்குக் கொடுங்கள். முகாம் என்று அறிவித்தால் ஆண்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், ராத்திரி மாட்டோடு நிற்கிறவள் அன்றைக்கு வீட்டில் பால் கறந்துகொண்டிருக்கிறாள். மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற நேரத்துக்கு வாருங்கள், ஒரு மாட்டை வைத்துக் காட்டுங்கள். சினை மாட்டுக்கு முக்கியமான தீனியைச் சாயங்காலம் தாமதித்துப் போட்டால் பகலில் ஈனுகிற மாடு அதிகமாகும் என்று வெளிநாட்டுப் பண்ணைகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் கறவை மாட்டுக்கு அது எவ்வளவு பலிக்கும் என்று கால்நடைப் பல்கலைக்கழகம் நம் கட்டுத்தரைகளில் வைத்துப் பார்த்துச் சொன்னால் காசில்லாத வைத்தியமாக இருக்கும்.

கன்று விழுந்ததோடும் கஷ்டம் தீருவதில்லை. நஞ்சுக்கொடி எட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும், கையால் பிய்த்து எடுப்பதும் இன்னும் நடக்கிறது, அப்புறம் கருப்பை புண்ணாகி மாடு சீழ் வடிக்கும். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் முன்னெடுத்த மரபு வைத்தியத்தில், கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முள்ளங்கி கொடுப்பதும், அப்படியும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லம், உப்போடு கொடுப்பதும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பலன் தெரிகிறது. இப்படி நம்மிடமே இருக்கிறதை ஊர் ஊராகக் கொண்டுபோகலாமே. அடுத்த நாளும் விழாவிட்டால், மாடு தீனி எடுக்காமல் காய்ச்சல் அடித்தால், டாக்டர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஏழெட்டு மாதத்தில் சினை கலைந்து விழுகிற மாட்டுக்குக் கன்றுவீச்சு நோய் இருக்கலாம். அது மனுஷருக்கும் தொற்றும், மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். நாங்கள் வெறுங்கையோடுதான் கன்றை இழுக்கிறோம், நஞ்சுக்கொடியை எடுத்துப் போடுகிறோம். கையுறை வாங்குகிற வழக்கமே எங்கள் வீடுகளில் இல்லை. 2019-ல் தொடங்கிய தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இந்த நோய்க்கும் தடுப்பூசி இருக்கிறது, நாலு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே தடவை. அந்த வயசு தாண்டினால் போட முடியாது. கோமாரி ஊசிக்கு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஊரில் அறிவிப்பு வருகிறது, இதற்கு வருவதில்லை. கன்று பிறந்த தேதி உங்களிடம் இருக்கிறதே, ஐந்தாவது மாதம் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாதா?

பால் காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மாட்டைச் சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், நேரத்துக்குப் பார்த்தால் சில நிமிஷத்தில் எழுப்பியும்விடும். மூன்றாவது நாலாவது ஈத்து, நல்ல பால் மாடு, கன்று போட்ட மூன்று நாளுக்குள் படுத்துக்கொண்டு கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொள்ளும். காது ஜில்லென்று இருக்கும். பேர்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. சீம்பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய இறங்கி ரத்தத்தில் குறைந்துபோவதுதான் காரணம். எங்கள் மாடு ஒன்றுக்கு டாக்டர் வந்து ரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றினார், பாட்டில் முடிவதற்குள் உடம்பு நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அத்தை அழுதுவிட்டார். அதே கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயம் நின்று மாடு செத்துவிடும், அதனால் அதைத் தெரியாதவர் கையில் கொடுக்க முடியாது. தெரிந்தவரை வரவைக்கத்தான் வேண்டும், அதுவும் ராத்திரியிலேயே. விடிகிற வரை மாடு காத்திருக்காது.

கன்றுக்குச் சீம்பால் விஷயத்தில் எங்கள் பக்கத்திலும் மாற வேண்டியது இருக்கிறது. நஞ்சு விழுகிற வரை கன்றை ஊட்ட விடக் கூடாது என்று இன்னும் பல வீடுகளில் பெரியவர்கள் சொல்கிறார்கள். கன்றின் குடல் நோய் எதிர்ப்புச் சத்தை இழுத்துக்கொள்வது முதல் சில மணி நேரத்தில்தான், ஒரு நாள் போனால் அந்த வழி அடைத்துவிடும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் முதல் நாளில் போக வேண்டும், அதிலும் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள். நாங்கள் போய்ச் சொன்னால் சண்டைதான் வருகிறது. பால் ஊற்ற வருகிற இடத்தில் ஒரு டாக்டர் நின்று சொன்னால் கேட்பார்கள்.

இங்கேதான் சங்கத்துப் பெரியவர்களிடம் வருகிறேன். எங்கள் பாலை நீங்கள் தினமும் இரண்டு வேளை பார்க்கிறீர்கள். எந்த வீட்டில் மாடு வற்றிவிட்டது, எந்த வீட்டில் சீம்பால் முடிந்து பால் வரத் தொடங்கியது என்பது உங்கள் நோட்டைப் பார்த்தாலே தெரியும். ஈத்துக்கு இரண்டு மாதம் முன்பே பாலை நிறுத்தி மாட்டை வற்ற விட வேண்டும் என்று சொல்வதற்கும் உங்களைவிட்டால் ஆள் இல்லை. சங்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யக்கூடிய இழுகயிறு இரண்டு, தோள்பட்டை வரைக்கும் வருகிற கையுறை, வழவழப்புக்கு ஜெல், தொப்புளுக்கு டிங்ச்சர் அயோடின், டாக்டர் வந்தால் உடனே போடுவதற்குக் கால்சியம் பாட்டில், நல்ல டார்ச் ஒன்று. சாவி செயலாளர் வீட்டில் இருக்கட்டும், ராத்திரி எழுப்பினால் கொடுக்கட்டும். எடுத்தவர் செலவானதற்குப் பணம் கட்டிவிடுவார், அல்லது பால் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கறவை மாடு இன்று 60, 70 ஆயிரத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. இந்தப் பெட்டிக்கு அதில் எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். 2024-ல் பிரீமியத்தில் விவசாயி கட்ட வேண்டிய பங்கை மத்திய அரசு 15 சதவீதமாகக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் மாடு செத்தால்தான் பணம். ஈத்தில் அடிபட்டுச் சினை பிடிக்காமல் போன மாட்டுக்கும், செத்துப் பிறந்த கன்றுக்கும் எங்கள் பாலிசியில் ஒன்றுமில்லை. கிடாரிக்கு மூன்று வருஷம் தீனி போட்டு வளர்த்து, முதல் கன்றையும் இழந்து, பாலும் கறக்க முடியாமல், அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சினை பிடிக்காத மாட்டுக்கும் சேர்த்துக் காப்பீடு என்று ஒரு வழி போட்டால் கூடுதல் பிரீமியம் கட்ட நாங்கள் தயார்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்துவிட முடியாது என்று எனக்கும் தெரியும். இந்தப் புரட்டாசிக்குள் முதலில் ராத்திரிப் போன் மட்டும் வரட்டும். மாவட்டத்தில் யார் எடுப்பார், எந்த நம்பர் என்று எழுதி ஒவ்வொரு சங்கத்துப் பலகையிலும் ஒட்டுங்கள். எங்கள் கட்டுத்தரையில் இப்போது மூன்று மாடு நிறைசினை, அதில் ஒன்று தலையீத்து. அந்த நம்பரை முதலில் கூப்பிடுகிறவர்களில் நாங்களும் இருப்போம்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்திலிருந்து, சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற ஒருத்தி